ஆயிரத்தில் இரண்டு

மார்ச் 3

அண்ணா,

நான்கு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. இங்கே நலம் இல்லை.

உங்கள் மாப்பிள்ளை மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். காகித ஆலையின் கொதிகலன் கூடத்தில் குனிந்து ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நான்கு மாடி உயரத்திலிருந்து ஒரு ஸ்பேனர் பின்கழுத்தில் விழுந்தது. தலைக்கவசம் போட்டிருந்தார். அதற்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தால் அதிகம். அந்த இடத்தில்தான் விழுந்தது. உயிர் இருக்கிறது. கண் திறந்து பார்க்கிறார். என்னை அடையாளம் தெரிகிறது என்றுதான் நினைக்கிறேன். பேச்சு இல்லை, வலது பக்கம் அசைவு இல்லை. டாக்டரைக் கேட்டால் "பொறுத்திருந்து பாப்போம்மா" என்கிறார். எவ்வளவு நாள் என்று கேட்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

"ஸ்பேனர் தூக்குறவனுக்கா என் தங்கச்சியைக் குடுக்கறது?" என்று கல்யாணத்துக்கு முன்னால் எல்லார் முன்னிலையிலும் கேட்டீர்கள். அன்றோடு பேச்சு நின்றது. அந்தச் சண்டையைத் தூசு தட்ட எழுதவில்லை. எனக்கு வேறொரு காரியம் ஆக வேண்டும்.

அவர் தலைக்கு மேலே இருந்த தளம் முழுத் தகடு இல்லை. கொதிகலனின் சூடு மேலே போக வேண்டும் என்பதற்காக இரும்புக் கம்பிகளை வரிசையாக வைத்துச் செய்த தளம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி. அதைச் சட்டம் சட்டமாகக் கழற்றி மாட்டலாம். ஆலையின் அறிக்கை என்ன சொல்கிறது என்றால், முப்பது சென்டிமீட்டர் ஸ்பேனர் அந்த இடைவெளி வழியாக விழுந்து போக ஆயிரத்தில் இரண்டு தடவைதான் வாய்ப்பு, ஆகவே அது கம்பி இடுக்கில் விழவில்லை, ஏதோ ஒரு சட்டம் கழற்றியபடி திறந்து கிடந்திருக்கிறது. சட்டங்களைக் கழற்றி மாட்டும் பொறுப்பு யாருக்கு? உங்கள் மாப்பிள்ளைக்கு. ஆக, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் என்கிறார்கள்.

விபத்து நடந்த அன்றே எல்லாச் சட்டங்களையும் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டார்கள். இனி எதைப் பார்த்து எதைச் சொல்வது? ஸ்பேனரைத் தவறவிட்ட ஃபிட்டரைப் பூனை என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு சத்தமில்லாத ஆள். அவன் இப்போதும் அப்படித்தான். "கை நழுவுச்சு, அப்புறம் எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இவர் வாய் திறந்து "நான் மாட்டிட்டுத்தான் எறங்கினேன்" என்று சொன்னால் போதும். அந்த வாய்தான் திறக்கவில்லை.

ஏப்ரல் 9 இறுதி விசாரணை. பழி இவர் மேல் என்று முடிவானால் வேலை போகும். பதினாலு வருஷமாக ஒரு குறை கேட்காத பெயரும் போகும். அறிக்கையோடு ஒரு பழைய கணக்குத் தாளைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நம் வீட்டில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். இது சரியா என்று சொல்லுங்கள்.

ஃபோன் செய்திருக்கலாம். நான் அழுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

தங்கை


மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் படித்து உன் அண்ணி அழுதாள். நான் என்ன செய்தேன் என்று எழுதத் தெரியவில்லை. மாப்பிள்ளை சின்ன வயது, உடம்பு தேறும். அன்றைக்கு நான் பேசியது தப்பு. அதை இப்படி ஒரு நேரத்தில் சொல்ல வேண்டியதாயிற்றே என்று இருக்கிறது.

கணக்கைப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். சம இடைவெளியில் கோடு போட்ட தாளில் ஒரு ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், அது கோட்டைத் தொடுமா, இரண்டு கோட்டுக்கு நடுவில் தொடாமல் கிடக்குமா? இது இருநூறு வருஷத்துக்கும் மேற்பட்ட புதிர். ஊசியின் நீளமும் கோடுகளின் இடைவெளியும் தெரிந்தால் விடை சொல்லிவிடலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வட்டமே இல்லாத இந்தக் கணக்கில் வட்டத்துக்குரிய பை என்ற எண் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்ளும். தீக்குச்சியைப் போட்டு எண்ணியே பையின் மதிப்பைக் கிட்டத்தட்டக் கண்டுபிடிக்கலாம்.

கோட்டுக்குப் பதில் கம்பியையும் ஊசிக்குப் பதில் ஸ்பேனரையும் வைத்துக்கொள். ஸ்பேனருக்கு ஐந்து சென்டிமீட்டர் அகலமும் உண்டு. அது நுழைய வேண்டுமானால் கம்பிகளுக்கு இணையாக, இரண்டு பாகைக்கு மேல் கோணாமல், அதுவும் சரியாக நடுவில் விழ வேண்டும். அதனால்தான் ஆயிரத்தில் இரண்டு.

ஆனால் ஆயிரத்தில் இரண்டு என்றால் நடக்கவே நடக்காது என்று பொருளில்லை. விசாரணையில் நீ இதைச் சொல்லலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, அந்த இரண்டில் ஒன்று அன்றைக்கு நடந்திருக்கலாம். இதை விதி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கணக்கைப் போட்டவர் யாராக இருந்தாலும் கவனமாகத்தான் போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

விதியை அங்கே உங்கள் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதற்கு இடமில்லை. ஒரு கட்டிலில் அவர், பக்கத்து ஸ்டூலில் நான், அதற்கே வார்டு சரியாக இருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தேன். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஓடு பதித்த தரை, வரிவரியாகக் கோடு. உட்கார்ந்து குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினேன். நர்ஸ் வந்து, "என்னம்மா, ஆஸ்பத்திரிக்குத் தீ வைக்கப் போறீங்களா?" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. இருநூறு தடவை போட்டேன். உங்கள் புதிர் புரிந்தது. குச்சி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்கிறது. ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லை. அதெல்லாம் சரி.

அன்று சாயங்காலம் இவரோடு வேலை பார்க்கும் குள்ளர் வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவார் என்று பார்த்தால், அதே அளவு ஸ்பேனர் ஒன்றைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தார். நான்தான் கேட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் ஒரு சாக்கடைக்குக் கம்பி மூடி போட்டிருக்கிறது. அளந்து பார்த்தோம், இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. குள்ளரிடம், "நீங்க மேல வேலை செய்யும்போது எப்படிப் புடிப்பீங்களோ அப்படிப் புடிச்சு விடுங்க" என்றேன். அவர் விட்டார். சாக்கடையில் விழுந்தது. கையை விட்டு எடுத்தார். மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது.

இருபது தடவையில் பதினாலு தடவை உள்ளே போயிற்று. "அக்கா, போதுமா, இன்னும் கை நாறணுமா?" என்று கேட்டார் பாவம்.

ஏன் என்று எனக்கே தெரிந்துவிட்டது அண்ணா, படிக்காத எனக்கு. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் ஸ்பேனரின் வாலைப் பிடித்துத்தான் திருப்புவார்கள். தலைப்பக்கம் கனம். கை நழுவினால் தலை கீழாக, நட்டுக்குத்தாகத்தான் இறங்கும். இடுப்பு உயரத்திலிருந்து தளத்துக்கு வருவதற்குள் அதற்குப் படுக்க ஏது நேரம்? உங்கள் ஊசி படுத்துக்கொண்டு விழுகிறது. எங்கள் ஸ்பேனர் நின்றுகொண்டு விழுகிறது. இதில் காக்கையும் இல்லை, பனம்பழமும் இல்லை.

நகலின் அடியில் இருக்கும் முத்திரை உங்கள் துறையுடையது. ஆலைகளின் வரைபடங்களைச் சரி பார்க்கும் உங்கள் அலுவலகத்திலிருந்துதான் இது போயிருக்கிறது. போட்டவர் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவரிடம் போய்ச் சொல்லுங்கள். "ஸ்பேனருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது" என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். என் வீட்டுக்காரர் தலை நிமிர்வார். இன்னொன்று, அந்தத் தளம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதன் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள்.

தங்கை


மார்ச் 22

அன்புத் தங்கைக்கு,

நீ செய்து பார்த்தது மிகவும் நல்ல காரியம். ஆனால் இருபது தடவை என்பது குறைவு. சாக்கடை மூடியின் கம்பியும் தளத்தின் கம்பியும் ஒரே கனம் என்று சொல்ல முடியாது. ஒரு நூல் குறைவு என்கிறாய், அது எவ்வளவு என்று எழுதவில்லை. இதையெல்லாம் அவர்கள் கேட்பார்கள்.

கணக்குப் போட்டவரைப் பற்றி விசாரித்தேன். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தாள். அந்த ஆள் இன்னும் வேலையில்தான் இருக்கிறார். பயந்த சுபாவம். பேசிப் பார்த்தேன். மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். எந்தப் பொருள் எப்படி விழும் என்று தெரியாதபோது எல்லாத் திசையும் சமம் என்று வைத்துக்கொள்வதுதான் முறை.

அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். நீ அவசரப்படாதே.

மாப்பிள்ளைக்கு இடது கை அசைகிறதா? அண்ணி கேட்கச் சொன்னாள்.

அண்ணன்


மார்ச் 27

அண்ணா,

இடது கை அசைகிறது. போன திங்கட்கிழமை என் விரலைப் பிடித்தார்.

அந்தப் பயந்த ஆளுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். அவர் சின்ன வயதிலிருந்தே கணக்குப் போட்டு முடித்ததும் விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பார். வாத்தியார் திருத்தும் வரை பொறுக்காமல், பக்கத்தில் தானே ஒரு சின்ன டிக்கும் போட்டுக்கொள்வார். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பழைய நோட்டுகளைப் புரட்டி விளையாடி வளர்ந்தவள் நான். நகலில் அந்த டிக் அழகாக விழுந்திருக்கிறது.

முதல் கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு எத்தனை நாள் எனக்கு நூல் அளவு சொல்லிக் கொடுப்பீர்கள்?

திட்டுவதற்கு எனக்குத் தெம்பில்லை. திட்டி என்ன ஆகப் போகிறது. ஏப்ரல் 9, காலை பத்து மணி, ஆலை அலுவலகம். வாருங்கள். வந்து, இது நான் போட்ட கணக்கு, இது தப்பு என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சி,

நான்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆலையிலிருந்து விண்ணப்பம் வந்தது. மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சூடு தேங்குகிறது, ஆறு வேண்டும் என்றார்கள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "கீழ எதுவும் விழாதுன்னு ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க" என்றார். ஊசிப் புதிர் எனக்குக் கல்லூரியிலிருந்தே உயிர். அதை ஒரு நிஜமான காரியத்துக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கோடு போட்ட தாளில் ஆயிரம் தீக்குச்சி போட்டேன். விடையும் சூத்திரமும் ஒத்து வந்தன. டிக் போட்டேன்.

தீக்குச்சிக்கு இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே கனம். ஸ்பேனர் அப்படி இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். நான் வாழ்க்கையில் ஒரு ஸ்பேனரையும் கையில் எடுத்ததில்லை.

நேற்று கடைக்குப் போய் ஒன்று கேட்டேன். "என்ன சைஸ்?" என்றார் கடைக்காரர். முப்பது சென்டிமீட்டர் நீளம் என்றேன். "நீளம் சொல்லி யாரும் வாங்க மாட்டாங்க சார், நட்டு சைஸ் சொல்லுங்க" என்றார். அது எனக்குத் தெரியவில்லை. ஒன்றை எடுத்து வாலைப் பிடித்து நின்றேன். தலை தானாகக் கீழே தொங்கியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் மாப்பிள்ளையின் கழுத்தில் விழுந்திருக்கிறது.

உன் முதல் கடிதத்தைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னை நினைப்பதற்கு முன்னால் அதை நினைத்தேன். இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

9ஆம் தேதி வருகிறேன். தாளைச் சரி செய்து, புதுக் கணக்கோடு வருகிறேன். ஒரு தளச் சட்டத்தை அறைக்குக் கொண்டுவரச் சொல்லி மனு கொடு. எல்லார் முன்னாலும் ஸ்பேனரைப் போட்டுக் காட்டுவோம். ஆனால் ஒன்று, குறைந்தது முப்பது தடவை போட வேண்டும். உன் எண்ணிக்கைப்படி பத்தில் மூன்று தடவை அது கம்பியில் தங்கிவிடும். ஒரு தடவை, இரண்டு தடவை போட்டு முடிவு சொல்லக் கூடாது. முப்பது தடவை போட்டால் யாராலும் மறுக்க முடியாது. அவர்கள் அவசரப்படுத்துவார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

பத்து மணி வரை வாசலில் நின்றேன். பத்தேகால் வரை என் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்து வைத்திருந்தேன். பிறகு ஒருவர் வந்து, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். என் மனுப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து இரண்டு மேஜைக்கு நடுவில் வைத்திருந்தார்கள். அந்த ஸ்பேனரையே கொடுத்தார்கள் அண்ணா, அவர் மேல் விழுந்த அதே ஸ்பேனரை. அட்டை கட்டி நம்பர் எழுதியிருந்தது.

முப்பது தடவை போட வேண்டும் என்று சொன்னேன். நீங்கள் எழுதியதை மனப்பாடமாகச் சொன்னேன். அதிகாரி, "அம்மா, அன்னைக்கு ஸ்பேனர் எத்தனை தடவை விழுந்துச்சு?" என்று கேட்டார். "ஒரு தடவை" என்றேன். "அப்ப ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, போதும்" என்றார்.

அதற்கு என்ன பதில்? இருக்கிறது என்று தெரிகிறது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருநூறு குச்சி போட்டவள் நான், எனக்கு உள்ளுக்குள் தெரிகிறது. வாயில் வரவில்லை. "ஒரு தடவை போட்டா அது கணக்காகாதுங்க" என்றேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தப் பதிலைச் சொல்லத்தான் நீங்கள் வருவதாக இருந்தது.

குள்ளர் போடுகிறேன் என்றார். அவர் இவருடைய சிநேகிதர், கூடாது என்றார்கள். ஆலை ஆள் போடக் கூடாது என்றேன் நான். கடைசியில் என்னையே போடச் சொன்னார்கள். வாலைப் பிடித்தேன். அட்டையைக் கழற்றியிருக்க வேண்டும், அதுவும் தோன்றவில்லை. விட்டேன். தலை ஒரு கம்பியின் விளிம்பில் பட்டுச் சாய்ந்து, நான்கைந்து கம்பிக்கு மேல் குறுக்கே படுத்துக்கொண்டது. தொட்டில் பிள்ளை மாதிரி படுத்துக்கொண்டது.

அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "எழுதிக்கோங்க" என்றார். குமாஸ்தா எழுதினார். நான் குனிந்து ஸ்பேனரை எடுத்தேன், மறுபடி போட. ஒருவர் வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை. மரியாதையாகத்தான் வாங்கினார்.

என் கையால் போட்டு என் வீட்டுக்காரரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு வந்தேன்.

நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டும் எழுதுங்கள்.

தங்கை


ஏப்ரல் 20

தங்கச்சி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருந்திருக்கலாம்.

8ஆம் தேதி பஸ் ஏறினேன். தாள்கள் எல்லாம் பையில் இருந்தன. பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். இறங்கினேன். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார், "சார், வண்டி கெளம்புது" என்று. கேட்டது. டீ கிளாஸைப் பிடித்தபடி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பஸ் போன பிறகு எதிர்ப்பக்கம் போய் நின்று, திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அண்ணியிடம் விசாரணை தள்ளிப்போய்விட்டது என்று சொன்னேன். அவள் நம்பினாள். இப்போது அவளுக்கும் தெரியும். சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை.

அந்த அதிகாரிக்கான பதில் மிகச் சுலபம். விபத்து ஒரு தடவை நடந்தது, ஆனால் அந்தத் தளத்தில் பதினோரு வருஷமாக ஸ்பேனர்கள் விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன, பலதும் கீழே போயிருக்கும், அந்த நேரத்தில் நேர் கீழே ஆள் இல்லாததால் யாரும் எழுதி வைக்கவில்லை. இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகும். நான் அங்கே இருந்திருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

உன் கடிதம் வந்த அன்றே விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். கணக்கு என்னுடையது, தவறானது, தளத்தின் மேல் நெருக்கமான வலை போட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறே நாளில் பதில் வந்துவிட்டது. கடிதம் எழுதியவர் காயமடைந்தவருடைய மனைவியின் உடன்பிறந்தவர் என்று தெரியவருவதாலும், விசாரணைக்கு முன்பு எதுவும் தெரிவிக்காததாலும், இதை ஏற்க இயலவில்லை. நேரில் பார்த்த செயல்முறையிலும் ஸ்பேனர் உள்ளே போகவில்லை. ஆகவே தளத்தை மாற்றத் தேவை எழவில்லை.

அந்த அதிகாரியை ஃபோனில் பிடித்துக் கெஞ்சினேன். "வேலிக்கு ஓணான் சாட்சியா சார்? தங்கச்சி புருஷனுக்காக எழுதறீங்க, நல்ல மனசுதான்" என்றார். என் துறையில் போய்ச் சொன்னேன். கோப்பில் போட்டவர் பெயர் இல்லை, முத்திரைதான் இருக்கிறது, துறையின் கணக்கைத் தப்பு என்று சொல்ல நீ யார் என்கிறார்கள். என் டிக்கைக் காட்டினேன். அதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள்.

பொய் சொன்னபோது எல்லாரும் நம்பினார்கள். உண்மையைச் சொல்லும்போது பாசம் என்கிறார்கள். நான் இன்னும் என்ன செய்ய வேண்டும், சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

அண்ணன்


மே 4

அண்ணா,

தீர்ப்பு வந்துவிட்டது. நீங்கள் எதிர்பார்த்தபடிதான். ஒரு பக்கம், அழகாக டைப் செய்திருக்கிறார்கள். இவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார், காரணம் கவனக்குறைவு. நான் அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். இவருக்குச் சொல்லவில்லை.

போன வாரம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். குள்ளரும் இன்னும் மூன்று பேரும் மாடிப்படி ஏற்றித் தூக்கி வந்தார்கள். அவர்களில் பூனையும் இருந்தான். கட்டிலில் படுக்க வைத்துவிட்டு இவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். போடா என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை, உட்கார் என்று சொல்லவும் வரவில்லை.

இடது கையால் எழுதப் பழக்குகிறேன். அட்டையில் தாளைச் செருகிப் பிடித்துக்கொள்வேன். நான்கு நாள் வெறும் கிறுக்கல். நேற்று முதல் தடவையாக ஒரு வார்த்தை வந்தது. என் பெயரை எழுதுவார் என்று ஆசையாகக் குனிந்து பார்த்தேன். "மூடிட்டாங்களா" என்று எழுதியிருந்தார்.

ஜன்னலைச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அது இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு அந்த வார்த்தைக்குக் கீழே மெதுவாகக் கோடு போட்டார். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஐந்து கோடு. வியர்த்துவிட்டது அவருக்கு. கோடுகளுக்குக் கீழே சின்னச் சின்னதாக ஆறு புள்ளி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

தன் பேரைக் கேட்கவில்லை அண்ணா. தன் வேலையைக் கேட்கவில்லை. அந்தக் கம்பிக்குக் கீழே நிற்கிற ஆறு பேரைக் கேட்டார். அவ்வளவு நாள் பேச்சில்லாமல் கிடந்தவர் இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"மூடிட்டாங்க, போன மாசமே வலை போட்டாச்சு" என்று சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பென்சிலை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து தூங்காத தூக்கம் தூங்கினார். குள்ளரைக் கூப்பிட்டு அவரிடமும் இப்படியே சொல்லச் சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். இன்று காலை ஷிப்டுக்கு அந்தத் தளத்தின் கீழேதான் போனார்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அண்ணியையும் கூட்டிக்கொண்டு. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகாது, போகும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனாலும் வாருங்கள். இவர் உங்களிடமும் எழுதிக் கேட்பார். துறையில் இருக்கும் பெரிய ஆள் என்று உங்கள் வார்த்தையைத்தான் எல்லாரையும்விட நம்புவார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, ஆமாம் மாப்பிள்ளை, மூடியாச்சு என்று சொல்லுங்கள்.

மூடவில்லை என்பது நம் இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும்.

தங்கை